பொது வயிறு

கோயம்புத்தூருக்குத் தெற்கே பைபாஸ் ரோட்டை ஒட்டி விடியல் நகர் என்று ஒரு காலனி உண்டு. மூடிப்போன பஞ்சாலையின் தொழிலாளர்கள் நாங்களே சொசைட்டி போட்டு, நாங்களே கடைக்கால் தோண்டி, நாங்களே சண்டை போட்டுக்கொண்டு கட்டிய வீடுகள், சுற்றிலும் ஆலையின் பழைய மதில், உள்ளே வர ஒரே ஒரு வாசல், வாசலில் நுழைந்ததும் வலது பக்கம் எங்கள் கட்சி ஆபீஸ், இடது பக்கம் அவர்கள் கட்சி ஆபீஸ், இரண்டும் கம்யூனிஸ்ட் கட்சிதான், இரண்டிலும் பறப்பது சிவப்புக் கொடிதான், ஏன் பிரிந்தோம் என்று கேட்டால் நான் மூன்று மணி நேரம் விளக்குவேன், கேட்டவர்கள் யாரும் முழுதாக உட்கார்ந்து கேட்டதில்லை.

நான் தோழர் நாச்சிமுத்து. ஸ்பின்னிங்கில் வேலை பார்த்து ரிட்டையர் ஆனவன், வலது பக்க ஆபீசின் கிளைச் செயலாளர், ஞாயிறுதோறும் 'கம்யூனிச ஆட்சி என்றால் என்ன' என்று வகுப்பு எடுப்பவன். வகுப்புக்கு வருகிற கூட்டம் அறிவுத் தாகத்தால் வருகிறது என்பது என் கட்சி. தான் போடும் போண்டாவுக்காக வருகிறது என்பது என் மனைவி பழனாத்தாளின் கட்சி. அவளுக்கு மஞ்சள்காமாலை வந்து படுத்திருந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு ஆளும் வரவில்லை, அதை நான் மழை என்று மாவட்டத்துக்கு அறிக்கை அனுப்பினேன்.

அப்பேர்ப்பட்ட எங்கள் காலனிக்குள் கம்யூனிசம் வந்தது, மே தினத்துக்கு மறுநாள் மத்தியானம், எதிர் ஆபீஸ் செயலாளர் கிட்டுசாமி தன் வீட்டுக் கதவைத் தாழ் போட்டுக்கொண்டு முந்தின நாள் மிச்சமான பிரியாணியைத் தனியாகத் தின்றுகொண்டிருந்தபோது. மாரியம்மனுக்கு விரதம் இருந்து பச்சைத் தண்ணீர் கூடக் குடிக்காத பழனாத்தாள் கோயில் வாசலிலேயே மட்டன் வாசத்தோடு ஏப்பம் விட்டாள், பூசாரி விட்டார், தண்ணீர் லாரிக்குக் குடத்தோடு நின்ற வரிசை முழுக்க விட்டது, வகுப்புக்குக் குறிப்பு எழுதிக்கொண்டிருந்த நானும் விட்டேன். கொஞ்ச நேரத்தில் கிட்டுசாமி இடுப்பு வேட்டி அவிழ்வது தெரியாமல் தெருவுக்கு ஓடி வந்தார்.

"மூணு தட்டுத் தின்னுட்டனுங்க, வயித்துல ஒண்ணுமே இல்லீங்க! என்ற வயித்த எவனோ திருடிட்டான்!"

திருடு ஒன்றும் போகவில்லை. மதிலுக்குள் யார் எதைத் தின்றாலும் அது அத்தனை பேர் வயிற்றிலும் சமமாகப் போய் விழுந்தது, அவ்வளவுதான். எப்படி என்று யாரும் அதிகம் மண்டையை உடைத்துக்கொள்ளவில்லை. கரண்ட் எப்படி வருகிறது என்று தெரிந்தா விளக்குப் போடுகிறோம்? அன்றைக்குச் சாயங்காலம் ஒவ்வொரு வீட்டிலும் அவரவர் அடுப்பு எரிந்தது, கோழி அடித்தவன் கோழியைத் தின்றான், கம்மங்கூழ் கரைத்தவள் கூழைக் குடித்தாள், எல்லோருக்கும் ஒரே அளவு வயிறு நிறைந்தது. புருஷனைப் பறிகொடுத்துவிட்டு மாவாட்டிப் பிழைக்கிற மாராத்தாளின் குழந்தைகள், பசிக்குது என்ற சொல்லைச் சொல்லாமல் அன்றைக்குத்தான் தூங்கின. அதைக் கேட்டு நான் அழுதேன், அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை, என் வாழ்நாளில் நான் உருப்படியாகப் பார்த்தது அந்த ஒரு சாயங்காலம்தான். அதற்குப் பிறகுதான் நாங்கள் கமிட்டி கூட்டினோம்.

பிரிந்த நாளுக்குப் பிறகு முதல் தடவையாக வலது ஆபீசும் இடது ஆபீசும் ஒரே பாயில் உட்கார்ந்தன. வந்திருப்பது கம்யூனிசம்தானா என்பதே முதல் பொருள். கிட்டுசாமி ஒப்பவில்லை. "சோசலிசம்னு நடுவுல ஒரு கட்டம் இருக்குதுங்க தோழர். அதத் தாண்டாம நேரா இது எப்படி வரும்? தப்பா வந்திருக்குது" என்றார். வயிறு நிறைய இருந்துகொண்டு கட்டம் பேசுகிறாரே என்று நான் அவரைக் கிழிகிழி என்று கிழித்தேன், கைதட்டல் வாங்கினேன். மாவட்டத்திலிருந்து ஒரு தோழர் வந்து எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, இது தேர்தல் வழியாக வந்ததா, புரட்சி வழியாக வந்ததா என்று எழுதித் தரச் சொன்னார். பிரியாணி வழியாக வந்தது என்று எழுத எங்களுக்கு மனசு வரவில்லை, இன்னும் பரிசீலனையில் இருக்கிறது.

இதற்குள் ஜனங்கள் அதிசயத்தோடு சம்பந்தம் பண்ணிக்கொண்டார்கள். பொண்ணு பார்க்க வருகிற மாப்பிள்ளை வீட்டாரிடம், உள்ளே வந்து எவ்வளவு தின்றாலும் பசிக்கும், கோபித்துக்கொள்ள வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டார்கள். விரதக்காரர்கள் அம்மனிடம் மொத்தமாக மன்னிப்புக் கேட்டுக்கொண்டார்கள். எவனோ ஊசிப்போன மீனைத் தின்ற அன்றைக்குக் காலனி முழுக்கக் கக்கூஸ் வாசலில் வரிசை கட்டி நின்று அவன் வம்சத்தையே திட்டியது. ஆனால் நாள் போகப் போக ஒரு கோளாறு வந்தது. யார் சமைத்தாலும் நம் வயிறு நிறையப் போகிறது, நாம் ஏன் புகையில் சாகவேண்டும் என்று ஒவ்வொரு வீடும் அடுத்த வீட்டைப் பார்த்து உட்கார்ந்துகொண்டது, ஒரு நாள் ஒரு அடுப்பும் எரியவில்லை, பொழுது சாயும்வரை காலனியே முழுப் பட்டினி கிடந்து ஒருவர் கூரையை ஒருவர் முறைத்துப் பார்த்துக்கொண்டிருந்தது.

அப்போது திட்டம் போட்டவன் நான். பொதுச் சமையல்கூடம் ஒன்று, மாராத்தாள் தலைமையில். எல்லோரும் வந்து உட்கார்ந்து தின்பது நேர விரயம், ஆகவே பல் உறுதியும் அனுபவமும் உள்ள சிலர் எல்லோருக்காகவும் சாப்பிடுவது, மற்றவர்கள் அந்த நேரத்தில் உழைப்பது. அதற்கு 'உண்போர் குழு' என்று பேர் வைத்தேன். குழுவுக்குத் தலைவராக என்னையே இருக்கச் சொன்னார்கள். எனக்குச் சாப்பாட்டில் நாட்டம் இல்லை என்று முதல் தடவை மறுத்தேன், இரண்டாம் தடவை கேட்டதும் ஒப்புக்கொண்டேன், மூன்றாம் தடவை கேட்காமல் விட்டுவிட்டால் என்ன செய்வது?

சொன்னால் சிரிப்பீர்கள், அது லேசான வேலை இல்லை. பந்தியில் உட்கார்ந்தால் இட்லி மலைபோல வரும், தின்னத் தின்ன வயிறு அப்படியே இருக்கும், தாடைதான் வலிக்கும், வேர்த்துக் கொட்டும், பொதுவாழ்க்கை என்றால் இப்படித்தான் என்று பல்லைக் கடித்துக்கொண்டு, கடித்துக்கொண்டு என்றால் மென்றுகொண்டு, நான் எல்லோருக்காகவும் சாப்பிட்டேன். ஆனால் ஒன்று, வயிறு பொதுவானதே தவிர நாக்கு பொதுவாகவில்லை. ருசி தின்றவனுக்கு மட்டும்தான். உழைத்துவிட்டு வருகிறவர்களுக்கு வயிறு கனக்கும், வாய் காய்ந்து கிடக்கும். இந்தக் குறையையும் நான் கண்டுகொள்ளாமல் விடவில்லை. சாயங்காலம் கொடிமரத்தடியில் நின்று, இன்றைய சாம்பாரில் முருங்கைக்காய் நன்றாக வெந்திருந்தது, பாயசத்தில் முந்திரி போதுமான அளவு இருந்தது என்று மக்களுக்கு அறிக்கை வாசித்தேன்.

"வயிறு நெம்பிக் கெடக்குதுங்க, ஆனா சாப்ட மாதிரியே இல்லீங்க" என்றாள் பழனாத்தாள்.

"அது பழைய சமுதாயத்தோட பழக்கம், போகப் போகச் சரியாயிரும்" என்றேன். அப்போது என் வாயில் பாதாம் அல்வா இருந்தது.

சரியாகவில்லை. மதிலைத் தாண்டினால் வயிறு அவரவர் சொந்தம் என்பதை ஜனங்கள் கண்டுபிடித்துவிட்டார்கள், பைபாஸ் ஓரத்துப் பரோட்டாக் கடைக்கு ஒருவர் பின் ஒருவராக நழுவ ஆரம்பித்தார்கள். கண் மூடிக்கொண்டு சால்னாவைச் சப்புக்கொட்டித் தின்கிற தோழர்களை என் கண்ணாலேயே பார்த்தேன். தனியாகத் தின்பது பொதுவயிற்றுக்குச் செய்கிற துரோகம் என்று தீர்மானம் கொண்டுவந்தேன், வாசலுக்கு இரும்புக் கேட் போட்டேன், சாவி என் சட்டைப் பையில். வேலைக்குப் போகிறவர்கள் போகலாம், திரும்பி வரும்போது கேட்டில் நிற்கும் தொண்டர் முன்னால் வாயை ஊதிக் காட்டவேண்டும், வெங்காய வாசம் வந்தால் விசாரணை. ஆலை முதலாளி எங்களை கேட்டில் தடவிப் பார்த்து அனுப்பியதை எதிர்த்து நாங்கள் ஒரு காலத்தில் வேலைநிறுத்தம் செய்து ஜெயித்தோம். அந்த வெற்றி விழாவில் பேசியதும் நான்தான்.

இந்த நிலையில்தான் என் மகள் வாலண்டினாவைப் பேறுகாலத்துக்குக் கூட்டி வந்தோம். ஒரே பெண், வாலு என்று கூப்பிடுவோம். மாப்பிள்ளை லாரியில் வடக்கே போனால் மாதக்கணக்கில் வரமாட்டார், அவருக்குத் தாய் தகப்பனும் இல்லை. "இந்த நெலமைல புள்ளைய இங்க கொண்டாந்து வெக்கோணுமா? ரோசன பண்ணுங்க" என்று பழனாத்தாள் கெஞ்சினாள். பசியே இல்லாத இடத்தை விட்டு ஒரு குழந்தை வேறெங்கே பிறக்கும் என்று நான் கேட்டேன், ஏழாம் மாதம் வளையல் போட்ட கையோடு கூட்டி வந்து கேட்டைப் பூட்டினேன்.

சுகாதார நர்ஸம்மா வந்து பார்த்தாள். வாலுவின் கண் இமையை இழுத்துப் பார்த்தாள், வயிற்றை டேப் வைத்து அளந்தாள், முகம் மாறிவிட்டது. "ரத்தம் ரொம்பக் கம்மிங்க. கொழந்தையும் வளரவே இல்ல. ரெண்டு ஆள் சாப்பாடு சாப்பிடோணும், கீரை தெனமும் வேணும். இப்படியே போச்சுன்னா ரெண்டு உசுருக்கும் நான் ஜவாப்தாரி இல்லீங்க" என்றாள். அப்புறம் சந்தேகப்பட்டு எதிரே நின்றவர்கள் கண்ணையெல்லாம் இழுத்துப் பார்த்தாள். காலனியே வெளுத்துப்போயிருந்தது.

காரணம் தெரிந்தபோது எனக்கு எங்கே முகத்தை வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. சின்ன வயதிலிருந்தே கீரை என்றால் எனக்கு ஆகாது, பந்தியில் அதை இலை ஓரமாக ஒதுக்கிவிடுவேன், தலைவர் ஒதுக்குவதை ஒதுக்குவதுதான் கட்டுப்பாடு என்று குழுவிலிருந்த மற்றவர்களும் ஒதுக்கியிருக்கிறார்கள், ஒதுக்குவதைச் சமைத்து என்ன பிரயோசனம் என்று மாராத்தாளும் நிறுத்தியிருக்கிறாள், இத்தனை வீட்டு ரத்தமும் என் ஒரு நாக்கின் வழியாகப் போயிருக்கிறது.

அன்றைக்கே கீரை வேகவைக்கச் சொன்னேன், கண்ணை மூடிக்கொண்டு விழுங்கினேன். அது காணாது. வாலுவுக்கு வேண்டியது மற்றவர்களைப் போல இரண்டு மடங்கு, வயிறோ எல்லோருக்கும் ஒரே பங்குதான் கொடுத்தது. பழனாத்தாள் ஒரு சட்டிக் கீரையைக் கடைந்து மகளுக்கு ஊட்டினாள், அது மணலில் ஊற்றின தண்ணீராக ஊர் வயிற்றுக்கெல்லாம் போய்விட்டது. வாலு ஊட்ட ஊட்ட வாயைத் திறந்தாள், கடைசியில் "என்ற வயித்துல ஒண்ணும் நிக்கமாட்டீங்குதும்மா" என்று சட்டியைத் தள்ளிவிட்டாள்.

பழனாத்தாள் கரண்டியோடு என்னிடம் வந்தாள். "தேவைக்கேத்த மாதிரி, தேவைக்கேத்த மாதிரின்னு வாராவாரம் கத்துனீங்களே, நானுந்தான் போண்டா சுட்டுட்டே கேட்டனுங்க. உங்க புள்ளைக்கு இப்ப என்ன தேவைன்னு உங்களுக்குத் தெரியலீங்களா?"

"இப்ப இருக்கறது சமம். தேவைங்கறது அடுத்த கட்டம்" என்றேன்.

கிட்டுசாமியைக் கிழித்த வாய் இது. அவள் கரண்டியை என் கையில் வைத்துவிட்டு உள்ளே போனாள். திட்டியிருந்தால் தேவலையாக இருந்திருக்கும்.

மறுநாள் கமிட்டி கூடியது. கூட்டச் சொன்னது நான் இல்லை, கிட்டுசாமி. வாலண்டினா குழந்தை பெறும்வரை தினமும் வெளியே போய்ச் சாப்பிட்டு வர அனுமதிக்கவேண்டும் என்று அவரே தீர்மானம் முன்மொழிந்தார். "நம்மூட்டுப் புள்ளைங்க. இதுக்கெல்லாம் ஓட்டு எதுக்குங்க, கேட்டத் தொறந்து உடுங்க" என்றார். கைகள் மளமளவென்று உயர்ந்தன. எனக்கு நெஞ்சு குளிர்ந்தது. குளிர்ந்த அதே நொடியில் எனக்குள்ளே இருந்த செயலாளர் எழுந்து நின்றான். செயலாளர் மகளுக்கு ஒரு நியாயம், மற்றவர்களுக்கு ஒரு நியாயமா என்று கேட்டேன். ஒருத்தரும் அப்படிக் கேட்கவில்லை, கேட்டுவிடுவார்களோ என்று நானே கேட்டேன். சலுகை என்பது எங்கே தொடங்கும், எங்கே முடியும் என்று விளக்கினேன், உலக உதாரணங்கள் காட்டினேன், மேசையைத் தட்டினேன். என் ஆயுசிலேயே நான் பேசியதில் அதுதான் நல்ல பேச்சு என்று பிற்பாடு எல்லோரும் சொன்னார்கள். உயர்ந்த கைகள் ஒவ்வொன்றாகக் கீழே இறங்கின. எதிர்ப்பவர்கள் கை தூக்கலாம் என்றேன், பயந்தோ மரியாதைக்கோ அத்தனையும் மேலே போயின, கிட்டுசாமிகூடப் பெரும்பான்மைக்குக் கட்டுப்பட்டுத் தூக்கினார். வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு என் மகள் நின்றிருந்தாள். அப்பா பேசி முடித்தால் கை தூக்கவேண்டும் என்று விவரம் தெரிந்த நாளிலிருந்து வளர்ந்தவள், அவளும் தூக்கினாள், வளையல் முழங்கைவரை சரிந்து விழுந்தது. ஏகமனதாக நிராகரிக்கப்பட்டது.

அடுத்த நாள் மத்தியானம் நான் எல்லோருக்காகவும் சாப்பிட்டுவிட்டு எல்லோருக்காகவும் தூங்கினேன். முழித்தபோது வயிற்றில் என்னவோ பண்ணியது. என்ன வியாதி என்று தடவிப் பார்த்தேன். பசி. மாதங்களாகக் கேள்விப்படாத, எனக்கே எனக்கான, சொந்தப் பசி. சட்டைப் பையில் சாவி இல்லை. தெருவில் ஒரு குஞ்சு குளுவான் இல்லை. கேட் மலர்ந்து கிடந்தது. பழனாத்தாள் சாவியை எடுத்துக் கேட்டைத் திறந்து மகளைக் கைப்பிடித்து நடத்திக்கொண்டு போக, அதைப் பார்த்து மாராத்தாள் கரண்டியைப் போட்டுவிட்டுப் போக, அவள் பின்னால் காலனியே போயிருக்கிறது.

கேட் ஓரம் வந்து நின்றேன். ரோட்டுக்கு அந்தப் பக்கம் பரோட்டாக் கடையின் பெஞ்சு போதாமல், கடை வாசலிலும் வேப்பமரத்தடியிலும் வரிசையாக உட்கார்ந்து என் மக்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். ஒருத்தர் இலையிலிருந்து ஒருத்தர் எடுத்துக் கடித்துப் பார்த்துச் சிரித்தார்கள். "தோழர், வாங்க! சால்னா அருமையா இருக்குதுங்க!" என்று கிட்டுசாமி கையைத் தூக்கிக் கூப்பிட்டார்.

"துரோகிகளா!" என்று கத்தினேன். வாய் நிறைய இருந்ததால் யாரும் பதில் சொல்லவில்லை.

நான் போகவில்லை. கேட்டைத் தாண்டினால் முப்பது வருஷ வகுப்பைத் தாண்டின மாதிரி என்று வீம்பு. ஆபீசுக்குள் போய் உட்கார்ந்து, நடந்ததைக் கண்டித்து நானே ஒரு தீர்மானம் முன்மொழிந்து நானே வழிமொழிந்தேன். பசி தாங்காமல் சமையல்கூடத்துக்குப் போனேன். பெண் விடுதலை பற்றி வருஷா வருஷம் மார்ச் மாதம் பேசுகிறவன், ஒரு கஞ்சி வைக்கத் தெரியவில்லை. அரிசி கரியாகிவிட்டது, கையைச் சுட்டுக்கொண்டேன், தண்ணீரைக் குடித்துவிட்டு ஆபீஸ் பெஞ்சில் வந்து சுருண்டுகொண்டேன். பொழுது இறங்கியது. அழுகையாக வந்தது, யாரும் இல்லாததால் அழுதேன்.

அப்போது வயிற்றில் ஒரு கவளம் விழுந்தது.

நான் வாயைத் திறக்கவே இல்லை. இன்னொன்று விழுந்தது, இளஞ்சூடாக. துள்ளி எழுந்தேன். மதிலுக்குள் யாரோ சாப்பிடுகிறார்கள்! கொள்கை சாகவில்லை, ஒரு தோழன் திரும்பி வந்திருக்கிறான், யாரந்த உத்தமன் என்று ஒவ்வொரு வீடாக எட்டிப் பார்த்துக்கொண்டு ஓடினேன், ஓட ஓடக் கவளம் விழுந்துகொண்டே இருந்தது, என் கால்களுக்குப் பலம் வந்தது.

எங்கள் வீட்டு நடையில், சுவரில் சாய்ந்து, காலை நீட்டி, மடியில் தக்காளிச் சோற்றுப் பொட்டலத்தை விரித்து வைத்துக்கொண்டு வாலு சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

"நீ இங்க என்ன பண்ற அம்மிணி? அம்மா எங்க?"

"வெளிய இருக்குது. அந்த மனுசன் பட்டினி கெடந்தாத்தான் புத்தி வரும், ஆரும் போகக்கூடாதுன்னு சொல்லீருச்சு. தெரியாம வந்துட்டேன்."

"எதுக்கு வந்த?"

"நீங்க ஒண்ணும் தின்னுருக்க மாட்டீங்களே. பொட்டலத்தக் கொண்டாந்து குடுத்தா வெளிச் சோறுன்னு தொடமாட்டீங்க." அடுத்த உருண்டையைப் பிடித்தாள். "அதான் உள்ள வந்து திங்கறேன். பாதியாச்சு உங்களுக்கு வந்துரும்ல்ல?"

சொல்லிவிட்டு வாயில் போட்டுக்கொண்டாள். அது வந்து என் வயிற்றில் விழுந்தது. அவள் வயிற்றில் இருந்த சிசுவுக்குப் போகவேண்டிய சோறு என் வயிற்றில் விழுந்தது, அதை நான் தடுக்க முடியவில்லை, துப்ப முடியவில்லை, தீர்மானம் போட்டு நிறுத்த முடியவில்லை. கீழே உட்கார்ந்து அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டேன்.

"போதும் சாமி, வாயில வெக்காத. எந்திரி. வெளிய போயித் தின்னு."

"நீங்களும் வந்தாத்தான்."

"நான் செயலாளர், கண்ணு. நான் எப்படி..."

அவள் என் பிடியிலிருந்து கையை உருவிக்கொண்டு, பெரிய உருண்டையாகப் பிடித்து, என்னைப் பார்த்துக்கொண்டே வாய்க்குக் கொண்டுபோனாள்.

"வர்றேன்! வந்துட்டேன்! வெக்காத, வெக்காத" என்று எழுந்து, ஒரு கையால் பொட்டலத்தை மூடிக்கொண்டு மறு கையால் அவளைத் தூக்கி நிறுத்தி, செருப்புக்கூடப் போடாமல், கேட்டைத் தாண்டி, சாக்கடைப் பாலத்துத் திட்டில் அவளை உட்காரவைத்துப் பொட்டலத்தைப் பிரித்துக் கொடுத்தேன். அவள் தின்றாள். அவள் தின்னத் தின்ன என் வயிற்றில் ஒரு பருக்கைகூட விழவில்லை, நான் பக்கத்திலேயே நின்று கடைசி வாய்வரை பார்த்துக்கொண்டிருந்தேன்.